இனாமின் விலை

ஆனி மாதம் வந்துவிட்டால் எங்கள் காரைக்காலில் மாம்பழத்துக்கு விலையே கிடையாது என்று வெளியூர்க்காரர்களிடம் நாங்கள் பெருமையடித்துக்கொள்வது வழக்கம். அது ஒரே ஒரு நாளைக்குத்தான் உண்மை. மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது இரு பக்கத்து மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கிறவர்கள் துண்டை விரிப்பார்கள், முந்தானையை ஏந்துவார்கள், சிலர் தலையில் வாங்கிக்கொண்டு தடவிக்கொண்டே சிரிப்பார்கள். இறைத்தவர் யார் என்று பிடித்தவருக்குத் தெரியாது. பிடித்தவர் யார் என்று இறைத்தவரும் விசாரிப்பதில்லை. பழத்தை எறிந்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்து, "தம்பி, தித்திப்பாய் இருந்ததா? இன்னொன்று வேண்டுமானால் முப்பது ரூபாய் எடு" என்று யாரும் கேட்பதில்லை.

வணிகர் குலத்துப் பெண்ணான புனிதவதி, கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்குக் கொடுத்தாள். அந்தக் கதையை ஒட்டி நடக்கிற விழா இது. துறைமுகமும் கடைத்தெருவும் வியாபாரமுமாக வாழ்ந்த ஓர் ஊர், வருஷத்தில் ஒரு நாள் கணக்குப் பார்க்காமல் கொடுப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறது. 'இனாம்' என்ற சொல்லுக்கு அதுதான் அர்த்தம் என்று அறுபது வருஷமாக நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லுக்கு வேறு ஓர் அர்த்தமும் உண்டு என்பதை என் தங்கையின் பேரன் எனக்குக் காட்டிக்கொடுத்தான்.

அவனுக்கு ஒன்பது வயது. தகப்பனாரின் செல்போனில் ஒரு விளையாட்டை இறக்கி வைத்திருந்தான். நாய்க்குட்டி வளர்க்கிற ஆட்டம். இறக்கிக்கொள்ளக் காசு வேண்டியதில்லை, இனாம். சாதம் போடலாம், குளிப்பாட்டலாம், பந்து போட்டால் ஓடிப் போய்க் கவ்விக்கொண்டு வரும். வீட்டில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நாள் தகப்பனார் வங்கிக் கணக்கைப் பார்த்தார். 89 ரூபாய், 179 ரூபாய், 449 ரூபாய் என்று பன்னிரண்டு நாளில் நாலாயிரத்துக்கு மேல் போயிருந்தது. விஷயம் தெரிந்ததும் பையனைப் பிடித்து முதுகில் வைத்தார். அடி கிடக்கட்டும், அடித்துக்கொண்டே, "வீட்டுக்குள்ளேயே திருடனை வளர்த்திருக்கேன்" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார்.

தங்கை மகள் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். போனேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த பையன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரகசிய எண் இவனுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன்.

"நான்தான் மாமா சொல்லிக் கொடுத்தேன். தயிர், கொத்தமல்லி வாங்கக் கடைக்கு அனுப்பறப்போ இவன்தான் ஸ்கேன் பண்ணிக் காசு போடுவான்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

பையனிடம் போய் உட்கார்ந்தேன். "அப்பா காசுன்னு தெரியுமாடா உனக்கு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னான்: "நான் காசு எடுக்கலே தாத்தா. வைரம்தான் வாங்கினேன். வைரம் இல்லேன்னா டாமிக்குச் சாப்பாடு கிடையாது. கண்ணிலே தண்ணி விட்டுண்டு என்னையே பார்க்கும்."

இந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. பொய் சொல்லுகிற பிள்ளை இப்படிச் சொல்லாது. அவன் கணக்கில் அது திருட்டே அல்ல. பசித்தவனுக்குச் சோறு போட்டிருக்கிறான்! புனிதவதியைச் சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர்ப் பிள்ளை வேறு என்ன செய்வான்?

என் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1960-களின் கடைசியில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஓர் அட்டை தொங்கும். அதில் வரிசை வரிசையாக மடித்து ஒட்டிய சின்னச் சீட்டுகள். ஐந்து பைசா கொடுத்தால் ஒரு சீட்டைக் கிழிக்கலாம். உள்ளே இருக்கிற எண்ணுக்குத் தக்கபடி ஊதலோ, பலூனோ, பிளாஸ்டிக் மோதிரமோ கிடைக்கும். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், சாவி கொடுத்தால் ஓடுகிற மோட்டார் கார் ஒன்று தொங்கும். அதற்கு உரிய சீட்டைக் கடைக்காரர் முதலிலேயே கிழித்து இடுப்பில் செருகிக்கொள்வார் என்று பெரிய பையன்கள் சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகும் கிழித்தோம். ஒரு நாள் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். பத்துச் சீட்டு கிழித்தாயிற்று. பதினொன்றாவதற்குக் கை நீட்டியபோது கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "ஏண்டா, வீட்டிலே தெரியுமா? போதும், போ" என்று மீதிக் காசை என் கையில் வைத்து அழுத்தினார்.

அவர் மகாத்மா அல்ல. கார்ச் சீட்டு அவர் இடுப்பில் இருந்திருக்கவும் கூடும். ஆனால் அவருக்கு இரண்டு கண் இருந்தது. எதிரே நிற்பது ஒரு குழந்தை என்று அந்தக் கண் சொல்லிற்று. மறுநாள் என் அப்பா அதே தெருவில்தான் நடந்து போவார் என்ற பயமும் இருந்தது. குழந்தையை மயக்குகிற வியாபாரம் புதிதல்ல. அந்தக் கண்ணும் இந்தப் பயமும் அதிலிருந்து எப்போது கழன்று போயின என்பதுதான் அதன் சரித்திரம்.

சரித்திரத்தைப் பிரான்ஸிலிருந்தே தொடங்கலாம். எங்களுக்குப் பழைய சம்பந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பாரிஸ் நகரத்தில் அரிஸ்தீத் பூசிக்கோ நடத்திய 'போன் மார்ஷே' என்ற பெரிய கடை, தாயாரோடு வரும் குழந்தைகளுக்கு வண்ணப் படம் அச்சிட்ட அட்டைகளை இனாமாகக் கொடுத்தது. அட்டைகள் வரிசையாக வரும். ஒன்று குறைந்தால் குழந்தை விடாது. தாயார் மறுபடி கடைக்கு வந்தாக வேண்டும். சாக்லேட் வியாபாரிகளும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் வெல்லப்பாகில் புரட்டிய சோளப்பொரி விற்ற 'கிராக்கர் ஜாக்' கம்பெனி 1912 முதல் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு விளையாட்டுச் சாமானைப் போட்டது. நம் ஊரில் 1980-களில் பபிள்கம் காகிதத்துக்குள் கிரிக்கெட் ஓட்டங்களைத் தேடிய தலைமுறைக்கு இன்று தலை நரைத்துக்கொண்டிருக்கிறது.

இவற்றிலெல்லாம் ஒரு தடுப்பு இருந்தது: காசு கையில் இருக்க வேண்டும். ஐந்து பைசா தீர்ந்தால் ஆசையும் அன்றைக்குத் தீர்ந்தது. அப்படியும் உலகத்தில் சிலர் கவலைப்பட்டார்கள். விளம்பரம் வேறு, விஷயம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத வயசில் விளம்பரம் காட்டுவது நியாயமா என்று கேட்டார்கள். கனடாவில் பிரெஞ்சு பேசுகிற கியூபெக் மாகாணம், பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் குறிவைத்து வியாபார விளம்பரம் செய்யக்கூடாது என்று 1980-இல் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொம்மைக் கம்பெனி ஒன்று வழக்குப் போட்டது. 1989-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சுவீடன் 1991-இல் தொலைக்காட்சியில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை நோக்கிய விளம்பரத்தைத் தடுத்தது.

பிறகு செல்போன் வந்தது. ஆப்பிள் கம்பெனி 2008 ஜூலையில் தன் செயலிக் கடையைத் திறந்தது. முதலில் விளையாட்டு என்றால் விலை கொடுத்து வாங்க வேண்டும், அல்லது இனாமாக எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டில் ஒன்று. 2009 அக்டோபரில் இனாமான ஆட்டங்களுக்குள்ளேயும் கடை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. எல்லாவற்றையும் மாற்றியது இந்த அனுமதிதான். வாசல் இனாம், உள்ளே போனால் ஒவ்வொரு அறையிலும் ஓர் உண்டியல்!

2011-இல் அமெரிக்காவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நீல நிறக் குள்ளர்களின் கிராமத்தைக் கட்டுகிற ஓர் ஆட்டத்தில் அந்தக் குள்ளர்களுக்கு உரிய பழங்களை வாங்கி, 1,400 டாலர் பில்லை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அது நிஜக் காசு என்று அவளுக்குத் தெரியவில்லை. தாயார் ஒரு தடவை கடவுச்சொல்லைப் போட்டால் அடுத்த பதினைந்து நிமிஷத்துக்குக் கடை திறந்தபடியே இருக்கும் என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரித்தது. 2014 ஜனவரியில் குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோர்களுக்குத் திருப்பித் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில் கூகுள் 1.9 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. அமேசான் வழக்காடிப் பார்த்தது; 2016-இல் நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்த்தது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் கம்பெனி, தெரியாமல் பித்தானைத் தட்டினாலே காசு பிடிக்கிற ஏற்பாட்டுக்காக 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டி வந்தது.

ஜப்பானியர் விஷயம் எனக்கு எல்லாவற்றையும் விட ரசமாகப் படுகிறது. அங்கே செல்போன் ஆட்டங்களில் குலுக்கல் முறையில் படங்களை எடுத்து, ஒரு வரிசை முழுவதும் சேர்ந்தால் அபூர்வமான பரிசு என்று வைத்தார்கள். கடைசிப் படம் ஒன்று மட்டும் வராமல் பிள்ளைகள் காசைக் கொட்டினார்கள். 2012 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறை இது சட்டவிரோதம் என்று சொன்னது. புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. பலவகைப் படங்களைச் சேர்த்தால் பரிசு என்று ஆசை காட்டுவதற்கு, 1962-ஆம் வருஷத்துப் பரிசுப் பொருள் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே தடை இருந்தது. பெட்டிக்கடைத் தந்திரம் கண்ணாடித் திரைக்குள் புகுந்துகொண்டால் வேறு தந்திரமாகிவிடாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இனி என் பேரனின் நாய்க்குட்டிக்கு வருகிறேன். அது ஏன் அழுதது? அழும்படி ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். 2018-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை வைத்தியர்களும் ஆராய்ச்சியாளர்களும், ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் விளையாடுகிற 135 செயலிகளை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 95-இல் ஏதாவது ஒரு விதத்தில் விளம்பரம் இருந்தது. ஆட்டத்தின் நடுவே குறுக்கிடுகிற விளம்பரம். பரிசுப் பொட்டலம் போல் வேஷம் போட்டுக்கொண்டு வருகிற விளம்பரம். முழுவதும் பார்த்தால்தான் அடுத்த கட்டம் என்று பிடித்து வைக்கிற விளம்பரம். ஒரு வைத்திய விளையாட்டில், குழந்தை கடையை மூடிவிட்டு வெளியே வந்தால் அதில் வருகிற பொம்மை தலையை ஆட்டி அழுததாம்.

வைரத்தின் சூட்சுமத்தையும் கவனிக்க வேண்டும். ரூபாய்க்கு நேராகச் சோறு விற்றால் குழந்தைக்குக் கூட உறைத்துவிடும். அதனால் ரூபாயை வைரமாக்கி, வைரத்தைச் சோறாக்குகிறார்கள். பொட்டலத்தில் நூறு வைரம் இருக்கும். சோற்றுக்கு எண்பது வைரம் ஆகும். மீதி இருபது கையைக் கடித்துக்கொண்டே இருக்கும். அதைச் செலவழிக்க இன்னொரு பொட்டலம் வாங்க வேண்டும். 'இன்னும் பத்து நிமிஷத்தில் சலுகை முடிகிறது' என்று ஒரு கடிகாரம் ஓடும். முடிந்ததும் மறுபடி தொடங்கும்.

பெட்டிக்கடைக்காரருக்கு இரண்டு கண்தான். இந்த ஆட்டத்துக்கு ஆயிரம் கண். பிள்ளை எந்த நேரத்தில் வருகிறான், எங்கே தயங்குகிறான், எந்த அழுகைக்கு மசிகிறான் என்று எல்லாவற்றையும் இதனால் எண்ணி வைத்துக்கொள்ள முடியும். ஆனால் கடைக்காரர் தயக்கத்தைக் கண்டு "போதும், போ" என்றார். இது தயக்கத்தைக் கண்டால் சலுகை விலை காட்டுகிறது. சூதாட்ட விடுதிகளில் பெரும் பணம் இழப்பவனைத் 'திமிங்கிலம்' என்பார்கள். பேஸ்புக் கம்பெனியின் பழைய உள் கடிதங்கள் 2019-இல் நீதிமன்றத்தின் மூலம் வெளிவந்தபோது, விளையாட்டில் பணம் விட்ட ஒரு சிறு வயதுப் பிள்ளையையே ஊழியர்கள் அப்படிக் குறிப்பிட்டிருந்தது தெரிந்தது. எதிரே இருப்பது குழந்தை என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

தெரிந்தே செய்கிற இந்த விஷயத்தில் சட்டம் என்றைக்கோ தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. 1895-இல் கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் பையன் தன் வீடுகளை ஒரு லேவாதேவிக்காரரிடம் அடமானம் வைத்தான். பத்திரத்தில் 20,000 ரூபாய். பையன் மைனர் என்று முன்னதாகவே தாயார் தரப்பிலிருந்து கடிதம் போயிருந்தது. அப்படியும் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1903-இல் தீர்ப்பு வந்தது: 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி மைனர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது. எங்கள் பிரெஞ்சுக் காரைக்காலும் வேறு விதமாக நினைக்கவில்லை. 1804-ஆம் வருஷத்து பிரெஞ்சு சிவில் சட்டம் இருபத்தொரு வயது வரை ஒருவனை மைனர் என்றது. மைனருக்கு நஷ்டம் விளைவிக்கிற ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் வழி வைத்தது. தாலூகா கச்சேரிக்கும் பாரிஸ் கோர்ட்டுக்கும் ஒத்துப்போன அபூர்வ விஷயங்களில் இது ஒன்று: குழந்தையிடம் வியாபாரம் செய்தால் நஷ்டம் வியாபாரிக்கு.

இன்றைய வியாபாரி அதற்கும் பதில் வைத்திருக்கிறார். "நான் பையனோடு ஒப்பந்தம் செய்யவில்லை, கணக்கு அப்பா பெயரில் இருக்கிறது, அப்பாதான் வாங்கினார்" என்பார். நாய்க்குட்டியை அழ வைக்கும்போது எதிரே இருப்பது பிள்ளை. காசு வாங்கும்போது மட்டும் அப்பாவா? அமெரிக்க ஆணையம் இந்த இடத்தைத்தான் பிடித்தது. கணக்குக்கு உரியவரின் தெளிவான சம்மதம் இல்லாமல் காசு பிடிக்கக் கூடாது என்றது.

எல்லைகள் பற்றிக் காரைக்கால்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1739-இல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வாங்கியது முதல் 1954 நவம்பரில் இந்தியாவின் கைக்கு வரும் வரை, சுற்றிலும் ஒரு சர்க்கார், உள்ளே ஒரு சர்க்கார். சாவடியைத் தாண்டினால் சரக்கு விலை மாறும். இன்றும் வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் நாகூர் தமிழ்நாடு. இந்தப் பக்கம் திருமலைராயன்பட்டினம் புதுச்சேரி. தமிழ்நாடு 2022-இல் இயற்றி, 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டமும், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பண ஆட்டங்களிலிருந்து விலக்கிய 2025-ஆம் வருஷத்து விதிகளும் நாகூரோடு நின்றுவிடும். செல்போன் ஆட்டம் நிற்காது. அது சாவடியில் மூட்டையைப் பிரித்துக் காட்டுவதில்லை.

ஆகவே முழு தேசத்துக்கும் பொருந்துகிற சட்டங்களையே எங்களைப் போன்றவர்கள் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டங்களைத் தடுக்கிறது. நாய்க்குட்டிக்குச் சோறு போட்டவன் எதையும் ஜெயிக்க நினைக்கவில்லையே. அதனால் அவன் விவகாரம் அதில் வராது. அவனுக்குக் கொஞ்சம் அருகில் வருவது வேறு இரண்டு. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று வகைத் தந்திரங்களைப் பெயரிட்டு விலக்கியது. பொய்யான அவசரம் காட்டுவது, வாங்காதவனை வெட்கப்பட வைப்பது, ஓயாமல் நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. 2023-ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் விலக்குகிறது. எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆயிரம் கண்ணைக் கட்ட அந்த எழுத்துக்குக் கை வேண்டும்.

சட்டம் வரும்போது வரட்டும் என்று, அன்றைக்கு நான் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டு காரியம் பேசினேன். முதலாவது, ரகசிய எண்ணை மாற்றுவது. தயிருக்குக் கையில் சில்லறை கொடுத்து அனுப்புவது. காசைத் தொட்டு, எண்ணி, தீர்ந்துபோவதைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்குக் காசு என்றால் என்ன என்று எப்படித் தெரியும்? இது அன்றைக்கே நடந்தது. பணத்தைக் கேட்டு மனுப் போட்டோம். ஒரு பகுதி திரும்பி வந்தது.

இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. "மாப்பிள்ளை, எண்ணை மாற்றின மாதிரி அந்த வார்த்தையையும் மாற்றிவிடுங்கள்" என்றேன். அவர் வாயைத் திறக்கவில்லை. படித்த மனிதர்களே சேர்ந்து, நிபுணர்களை வைத்து, ஒன்பது வயதுப் பிள்ளையின் இரக்கத்தை உண்டியலாக மாற்றியிருக்கிறார்கள். அந்த இரக்கத்துக்குத் 'திருடன்' என்று பெயர் வைத்தால் அவர்கள் எடுத்தது போக மிச்சம் இருப்பதையும் நாமே எடுத்துப் போட்டுவிடுவோம் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்தது. புரிந்ததைப் பிள்ளையிடம் சொல்ல ஒரு தகப்பனுக்கு நாளாகும்.

ஆனி மாதம் விழாவுக்கு அவனை நானே அழைத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் நெருக்குண்டு, சட்டை கிழிந்து, எப்படியோ ஒரு பழத்தைப் பிடித்துவிட்டான். ஒரு பக்கம் நசுங்கிய பழம். தின்னாமல் வீடு வரை கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினான். அவர் அதை வாங்கி, கழுவி, நசுங்கின பாகத்தை நீக்கி நாலாக அரிந்தார். பெரிய துண்டை அவன் கையில் வைத்து, "அன்னிக்கு அப்பா சொன்னது தப்புடா" என்றார்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பழத்தைத் தின்றுகொண்டே அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.